அம்மாவுக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை

பிரபு: அம்மா டிக்கெட் போட்டாச்சு. ஜூன் 15 திங்கள் இரவு 11.15-க்கு சென்னை, செவ்வாய் காலை 6 மணிக்கு சிங்கப்பூர், அங்கே 9.15-க்கு அடுத்த விமானம், அதே செவ்வாய் காலை 9.15-க்கு சான் பிரான்சிஸ்கோ.

பெரியப்பா: தம்பி, மறுபடி பார். 9.15-க்கு ஏறி 9.15-க்கே இறங்குவதா? ஏஜென்ட் தப்பாக அடித்திருப்பான்.

செல்வி: சரிதான் பெரியப்பா. பறப்பது 15 மணி நேரம், இங்கே சான் பிரான்சிஸ்கோவில் எங்கள் கடிகாரம் இப்போது சிங்கப்பூருக்கு 15 மணி நேரம் பின்னால், அதனால் நேராகிவிடுகிறது.

பெரியப்பா: அப்போது இங்கிருந்து மொத்தம் பத்தே மணி நேரம்தானா?

பிரபு: கடிகாரத்துக்குப் பத்து, அம்மா முழங்காலுக்கு இருபத்திரண்டரை 😄

மாமா: அது சரி, அமெரிக்கா மேற்கே இருக்கும்போது எதற்குக் கிழக்கே போக வேண்டும், சுற்று அல்லவா?

செல்வி: சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் மாமா. போன தடவை அம்மா விட்டுப்போன பூக்கட்டும் நூலை எடுத்து எங்கள் வீட்டு உலக உருண்டையில் சென்னைக்கும் எங்கள் ஊருக்கும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன், அது இமயமலை, சீனா என்று வடகிழக்காக ஏறி அலாஸ்கா பக்கம் இறங்குகிறது. அப்படி நேராகப் போனால் சுமார் 13,900 கி.மீ. சிங்கப்பூர் வழி 2,900-ம் 13,600-ம், ஆக 16,500. சுற்றுதான், ஆனால் ஒரே இடத்தில்தான் மாற வேண்டும்.

பிரபு: திரும்பும்போது மட்டும் அதே 13,600-க்கு 17 மணி நேரம் போட்டிருக்கிறது, அது ஏன்?

மாமா: இது எனக்குத் தெரியும். பசிபிக் மேலே பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஓடுகிறது, சில நாள் மணிக்கு 200 கி.மீ.-க்கு மேலேயே போகும். போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது மூஞ்சியில் அடிக்கும். ஆடி மாதம் தென்காசியில் சைக்கிள் மிதித்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். 2016-ல் ஏர் இந்தியா டெல்லி-சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் மாற்றியது, தூரம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடியும் நேரம் குறைந்தது.

பெரியப்பா: 👍

அம்மா: கிலோமீட்டர் எல்லாம் இருக்கட்டும். செவ்வாய் எனக்கு முருகன் விரதம், ஒருவேளைதான் சாப்பாடு. எந்த ஊர் செவ்வாய்க்கு இருப்பது?

செல்வி: ஐயோ அம்மா, அதில்தான் சிக்கல். செவ்வாய் காலையில் ஏறுகிறாய், பாதிக் கடலில் இருட்டிவிடும், தேதிக்கோட்டைத் தாண்டியதும் அது திங்கள் இரவாகிவிடும், அப்புறம் மறுபடி செவ்வாய் விடியும்.

அம்மா: இரண்டு செவ்வாயா!

பெரியப்பா: மரகதம், விமானத்தில் சாப்பிடு. முருகனே உலகத்தைச் சுற்றியவர்தான், அவருக்குத் தெரியும்.

பிரபு: அம்மா, வரும்போது திங்கள் இரவு 10 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் புதன் காலை 6 மணி. நடுவில் செவ்வாய் சில மணி நேரம்தான், நீ தூங்கிக்கொண்டிருப்பாய்.

அம்மா: அப்போது போகும்போது ஒன்று இருந்துவிடுகிறேன், இன்னொன்றை வரும்போது உள்ளதில் கழித்துக்கொள்ளட்டும். செல்வி, ஊறுகாய் எடுத்து வரலாமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.