உதவி தேவை: பிராக் கண்ணாடிமேல் வெள்ளி வைத்தும் டாம் பிளாஸ்மான் குழி விழவில்லை

நாகர்கோவில் மாணவி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு பைத்தானில் டிரான்ஸ்பர் மேட்ரிக்ஸ் கணக்கு (பல அடுக்குல ஒளி எப்படிப் போகுது, திரும்புதுன்னு பார்க்கிறது) ஓட்டுறேன். கண்ணாடித் தகடு மேல டைட்டானியம் டை ஆக்சைடு (ஒளிவிலகல் எண் 2.3), சிலிக்கா (1.46) மாறி மாறி 10 ஜோடி, இதான் பிராக் கண்ணாடி. எல்லாம் 600 நானோமீட்டருக்குக் கால் அலைத் தடிமன் (அடுக்குக்குள்ள இருக்கிற அலைநீளத்துல கால் பங்கு). உச்சியில 40 நானோமீட்டர் வெள்ளி. ஒளி வெள்ளிப் பக்கமிருந்து நேரா விழுது. வெள்ளிக்கும் அடுக்குகளுக்கும் நடுவுல ஒளி சிக்கிக்கிற டாம் பிளாஸ்மான் நிலை உருவானா எதிரொளிப்புல கூர்மையான குழி வரணும். 550 முதல் 650 நானோமீட்டர் வரைக்கும் வரைஞ்சு பார்த்தா மட்டமா நிக்குது. வெள்ளியை எடுத்துட்டா பிராக் தடைப்பட்டை (அடுக்குகள் ஒளியை உள்ள விடாம திருப்புற அலைநீள வரம்பு) ஒழுங்கா வருது. எங்க பார்க்கணும்? வைவா நெருங்குது.

குளச்சல் அண்ணன்: வெள்ளியோட ஒளிவிலகல் எண்ணுல கற்பனைப் பகுதிக்குக் குறி சரியா? அது தலைகீழானா உலோகம் ஒளியை உறிஞ்சாம பெருக்கும், எதிரொளிப்பு 1-ஐத் தாண்டும்.

நாகர்கோவில் மாணவி: தாண்டலை அண்ணா. உறிஞ்சல் எங்கயும் மைனஸ் ஆகலை.

மார்த்தாண்டம் சார்: அப்ப குறியில குறை இல்ல மக்கா. வெள்ளியைத் தொட்டுக்கிட்டு இருக்கிறது எந்த அடுக்கு? சிலிக்கான்னா அதான் விஷயம்.

உலோகம் ஒளியைத் திருப்பும்போது கட்டம் (ஃபேஸ், அலை தன் சுற்றுல எங்க நிக்குதுங்கிறது) ஏறக்குறைய π, அதாவது அரைச் சுற்று, மாறுது. ஒளி நடுவுல சிக்கி நிக்கணும்னா பிராக் கண்ணாடியும் ஒரு π தரணும், ரெண்டும் சேர்ந்து 2π ஆகணும். டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) முதல்ல இருந்தா அந்தக் கால் அலை அடுக்குல போய்வர π. உயர்ந்த ஒளிவிலகல் எண்ணுலயிருந்து தாழ்ந்ததுக்குப் போற எல்லையில கட்டம் மாறாது. கணக்கு பொருந்துது. சிலிக்கா முதல்ல வந்தா எல்லையிலயும் இன்னொரு π சேர்ந்துடும், நடு அலைநீளத்துக்குப் பக்கத்துல நிலை உருவாகாது.

இன்னொண்ணு, 650-ல நிறுத்தாதே. ஒளியோட மின்புலம் வெள்ளிக்குள்ள கொஞ்சம் நுழையுறதால குழி சிவப்புப் பக்கம் (நீண்ட அலைநீளத்துக்கு) தள்ளிப்போகும். உன் எண்களுக்கு 670 பக்கம் எதிர்பார்க்கலாம். 500 முதல் 800 நானோமீட்டர் வரைக்கும் வரைஞ்சு பாரு.

இந்த டாம் பிளாஸ்மான் நிலையை 2007-ல கோட்பாடா சொன்னாங்க, 2008-ல பரிசோதனையில கண்டாங்க. பட்டகம் வைக்காமலே நேர்க்குத்து ஒளியில கிடைக்கிறதுதான் இதோட அருமை. சாதாரண மேற்பரப்பு பிளாஸ்மான் (உலோகப் பரப்பை ஒட்டி ஓடுற எலக்ட்ரான்-ஒளி அலை) அப்படி வராது. மணவாளக்குறிச்சி மணல்ல கிடைக்கிற ரூட்டைல் கனிமமும் இதே டைட்டானியம் டை ஆக்சைடுதான், வைவாவுல சொல்லு!

நாகர்கோவில் மாணவி: டைட்டானியாவை மேல கொண்டுவந்ததும் 670-ஐ ஒட்டி அழகான குழி விழுந்துடுச்சு சார். ரொம்ப நன்றி! வெள்ளியை 150 நானோமீட்டர் ஆக்கினா திரும்பக் காணோம், ஏன்?

மார்த்தாண்டம் சார்: அவ்வளவு தடிமனைத் தாண்டி ஒளி உள்ள போகாது. 30 முதல் 50 வரை வச்சுக்கோ.

குளச்சல் அண்ணன்: நிஜமாப் பூசப் போறியா? நம்ம கடற்கரை ஈரத்துல வெள்ளி சீக்கிரம் கறுத்துப்போகும். மேல மெல்லிய சிலிக்கா மூடி போடு. தங்கமும் 670-க்கு ஆகும்; 500-க்குக் கீழ போனா அதிகமா உறிஞ்சும்.