அமெரிக்க நாடாளுமன்றத்தில் செலவு மசோதா நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் மூடிக்கிடந்த ஷட்டவுன் நாட்களில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மேரிலாந்துக்காரன்:
வாஷிங்டனில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. ஆனால் சம்பளம் தருவது ஒப்பந்தக் கம்பெனி. இந்த வித்தியாசம் 2018 டிசம்பர் 22 வரை எனக்கு உறைக்கவில்லை. மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்று ட்ரம்ப் பிடிவாதமாக நின்றார், நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டில் அதற்குத் தேவையான 60 ஓட்டு தேறவில்லை. 35 நாள் அலுவலகம் பூட்டு.

பக்கத்து மேசைக்காரர் நேரடி அரசு ஊழியர். ஜனவரி 11 சம்பளச் சீட்டைப் போனில் எடுத்துக் காட்டினார்: கையில் வருவது 0.00. இருவரும் சிரித்தோம். அப்புறம் அவருக்கு நிலுவைச் சம்பளம் உண்டு என்று சட்டமே வந்துவிட்டது. எனக்குக் கிடையாது. கம்பெனி முதலில் என் விடுப்பு நாட்களைக் கழித்தது, பிறகு கையை விரித்தது. “அமெரிக்க கவர்மென்டுக்கே காசு இல்லையாடா?” என்று ஊரிலிருந்து அம்மா கேட்டார். காசு இருக்கும்மா, எடுக்கத்தான் அனுமதி இல்லை என்றேன். நம்பினாரா தெரியாது.

ஜனவரி 24 மதியம், பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு டிவி முன் உட்கார்ந்திருந்தேன். சுவருக்குப் பணம் தரும் மசோதா 50-47. தராத மசோதா 52-44. ஆளுங்கட்சி கையிலிருந்த செனட்டில் எதிர்க்கட்சியின் மசோதாவுக்குக் கூடுதல் ஓட்டு! ஆனாலும் 60 இல்லை, இரண்டும் தோற்றன. பருப்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம். மறுநாள் விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் போதாமல் நியூயார்க்கின் லகார்டியா ஏர்போர்ட்டுக்கு வரும் விமானங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். அன்றைக்கே முடக்கம் முடிந்தது. பேச்சுவார்த்தையைவிட அந்த ஏர்போர்ட்தான் வேலை செய்தது என்பது என் கணக்கு.

விசா வரிசை:
எனக்கு அடி வேறு பக்கம். ஹெச்-1பி வேலை விசாவில் கம்பெனி மாற தொழிலாளர் துறையின் எல்சிஏ என்ற சான்று வேண்டும் இல்லையா? 2025 அக்டோபர் 1-ல் ஷட்டவுன் தொடங்கியதிலிருந்து அதை வாங்கும் இணையதளமே மூடிக்கிடந்தது. நானோ ராஜினாமா கொடுத்தாயிற்று. 2019 ஷட்டவுனில் இந்தத் தொல்லை இல்லை, அந்தத் துறையின் செலவு மசோதா முந்தைய செப்டம்பரிலேயே நிறைவேறியிருந்தது. இந்த முறை வருடாந்தர 12 செலவு மசோதாவில் ஒன்றுகூட முடியவில்லை. தளம் திறக்க அக்டோபர் கடைசி ஆனது. அதுவரை பழைய மேலாளரிடம் போய், “இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கட்டுமா?” என்று கேட்டு நின்றேன். இருந்துகொள் என்றார், நல்ல மனுஷன். ஆனால் பிரிவு விருந்து ஏற்கெனவே முடிந்திருந்தது.

டெக்சாஸ் அக்கா:
திட்டாதீர்கள், 2025-ல் சண்டை நீடிக்கட்டும் என்று நினைத்தவள் நான். வீட்டுக்காரருக்குச் சொந்தத் தொழில், இன்சூரன்ஸ் ஒபாமாகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில். அதற்கான கூடுதல் மானியம் அந்த வருடக் கடைசியோடு முடிவதாக இருந்தது, அதை நீட்டித்தால்தான் ஓட்டு என்று ஜனநாயகக் கட்சியினர் நின்றார்கள். அரசைத் திறக்கும் இடைக்காலச் செலவு மசோதா செனட்டில் 14 முறை தோற்றது. நவம்பர் 9 ஞாயிறு ராத்திரி ஜனநாயகக் கட்சிப் பக்கத்திலிருந்த எட்டுப் பேர் ஆளுங்கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள், சரியாக 60-40. மானியத்துக்கு டிசம்பரில் தனி ஓட்டெடுப்பு என்று வாக்குக் கொடுத்தார்கள். நடத்தினார்கள், தோற்றது. புதுப் பிரீமியம் கடிதம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.