பீட்சா அடுப்புக்குத் தளம் போட்டு, உடைத்து, மறுபடியும் போட்ட கதை

கொல்லையில் விறகு அடுப்பு கட்டியவர்கள் எல்லாரும் குவிமாடத்தைத்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதற்குக் கீழே கிடக்கிற கான்கிரீட்டைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. நான் அதை இரண்டு தடவை போட்டவன், அதனால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்களுடையது சிங்கப்பூரில் செராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு பழைய மூலைத் தரைவீடு, அப்பா வாங்கியது. கொல்லை என்றதும் பெரிய தோட்டம் என்று நினைக்க வேண்டாம். துணி காயப்போடும் கம்பி, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, அப்புறம் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் லோங்காங், அதாவது வடிகால். கறிவேப்பிலையில் கை வைக்கக்கூடாது என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மிச்ச இடத்திலும் ஓரமாக ஒரு கழிவுநீர்க் குழாய் மூடி இருக்கிறது. பழைய தரைவீடுகள் பலவற்றில் அந்தக் குழாய் பின்கட்டு வழியாகத்தான் போகும், அதன்மேல் எதையும் கட்டிவிடக்கூடாது, பக்கத்தில் கட்டுவதாக இருந்தாலும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அதையெல்லாம் விலக்கிவிட்டுப் பார்த்தால் எனக்குக் கிடைத்தது 1.7 மீட்டருக்கு 1.8 மீட்டர்.

உள்விட்டம் 90 சென்டிமீட்டர் உள்ள அடுப்பு. கணக்குப் போட்டபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கீழ்த்தளம் 125 மில்லிமீட்டர் கனம், அதுவே 900 கிலோவுக்கு மேல். அதன்மேல் ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள சிமென்ட் கல்) சுவர், அதற்கு மேல் இன்னொரு தளம், கடைசியாகத் தீச்செங்கல் அடுப்பு. எல்லாம் சேர்த்து இரண்டரை டன்னைத் தாண்டும். ஆனால் பரப்பளவால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஒரு டன்கூட வருவதில்லை. ஆகவே பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பக்கம் கெட்டி மண், இன்னொரு பக்கம் பொலபொல மண் என்று இருப்பதுதான் பிரச்சினை, எனக்கு அது அப்போது புரியவில்லை.

முதல் தடவை தீபாவளி முடிந்த அடுத்த வாரம் போட்டேன். பொங்கலுக்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட வேண்டும் என்ற அவசரம். வடகிழக்குப் பருவமழை தலைகாட்டும் நேரம் என்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனாலும் செய்தேன். மேல்மண்ணை ஒரு சாண் எடுத்துவிட்டு ஜல்லியைக் கொட்டி, காலால் மிதித்து, பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதன்மேல் கம்பி வலையை வைத்து, மச்சானும் நானும் கலவையைக் கொட்ட ஆரம்பித்தோம். வலையைப் பாதியில் தூக்கிவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். கணுக்கால்வரை கலவையில் நிற்கிறபோது எதையாவது தூக்கத் தோன்றுமா? கலவை கெட்டியாக இருந்தது, கரணை ஓடவில்லை, மச்சான் வாளித் தண்ணீரை ஊற்றினார், சரசரவென்று ஓடியது. எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம். மூன்று மணிக்கு இடி, மூன்றரைக்கு மழை. தார்பாயை இழுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் சிமென்ட் பால் வெள்ளையாக வழிந்து புல்லில் இறங்கிக்கொண்டிருந்தது.

சரி, போனது போகட்டும், நீராற்றுவதையாவது (கான்கிரீட் இறுகுகிறவரை ஈரமாகவே வைத்திருப்பதை) ஒழுங்காகச் செய்வோம் என்று தமிழ்நாட்டில் மாடித்தளத்துக்குச் செய்வதுபோல ஓரமெல்லாம் சாந்தால் பாத்தி கட்டி இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தினேன். அப்பா பார்த்துவிட்டு "இதான்டா சரி" என்று பாராட்டினார். ஐந்தாம் நாள் காலையில் முருங்கைக்கீரை பறிக்கப் போன அம்மா கூப்பிட்டார், "டேய், இந்தத் தண்ணியில என்னமோ நெளியுதுடா." குனிந்து பார்த்தால் கொசுப் புழு. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், தெளிந்து நிற்கிற தண்ணீர்தான் பிடிக்கும், நான் அதற்கு மூன்று சதுர மீட்டரில் குளமே வெட்டிக் கொடுத்திருக்கிறேன். வீடு வீடாக டெங்கிச் சோதனை நடக்கிற ஊரில்! பாத்தியை உடைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன், அப்புறம் தளம் வெயிலில் காய்ந்தது.

டிசம்பர் கடைசியில் குழாய் மூடிப் பக்கத்து மூலையிலிருந்து குறுக்கே ஒரு விரிசல். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அந்த மூலை ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன், கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை வேலை, இருபது வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். கோயிலில் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் கொல்லைக்குப் போனார், சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தளத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். திருநீறு மாதிரி பொடி எழும்பியது. "தம்பி, இது கான்கிரீட் இல்ல, காஞ்ச கஞ்சி" என்றார். அவ்வளவுதான், அடுத்த வாரம் சுத்தியல் இயந்திரம் வாடகைக்கு எடுத்து உடைத்தேன். கம்பி வலை பிளாஸ்டிக் விரிப்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தது. இறங்கிய மூலைக்குக் கீழே தோண்டினால் பழைய டைல் துண்டு, செங்கல், மணல், எப்போதோ குழாய்க்குப் பள்ளம் தோண்டிவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள், கம்பியைக் குத்தினால் முழங்கை வரைக்கும் போனது.

இரண்டாவது தடவை மார்ச்சில். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். அவருடைய வேலை அனுமதி ஒரு முதலாளியிடம் மட்டும்தான், வேறு இடத்தில் வேலை செய்யக்கூடாது, அதனால் கரணையைத் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். மச்சான் கரணையைக் கோணலாகப் பிடிக்கும்போதெல்லாம் நாற்காலி கிறீச்சிட்டது.

பொல மண்ணை முழுக்க எடுத்து, உடைத்த பழைய தளத்தையே துண்டு துண்டாகப் போட்டு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டோம். கம்பி தரையில் படாமல் தூக்கி நிறுத்த, அடியில் 40 மில்லிமீட்டர் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை. கலவை சிமென்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று, மொத்தம் மூன்று மூட்டை சிமென்ட் பிடித்தது. தண்ணீர் விஷயத்தில்தான் அண்ணன் கறார். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், அதுவும் மணல் முதல் நாள் மழையில் நனைந்திருந்தால் அந்த ஈரத்தையும் கணக்கில் கழிக்க வேண்டும் என்றார். மணலைக் கையில் பிடித்துப் பார்த்தார், உருண்டையாக நின்றது, "இருபதுலயே நிறுத்து, பத்தலைன்னா பாத்துக்கலாம்." கலவை கெட்டியாகத்தான் இருந்தது, குச்சியால் குத்திக் குத்தி இறக்கினோம். மத்தியான மழைக்கு முந்திக்கொள்ள எட்டு மணிக்கே ஆரம்பித்தோம், தலைக்கு மேல் பந்தல் மாதிரி தார்பாய்.

நீராற்றுவதற்குப் பாத்தி கிடையாது. தேக்கா சந்தையில் வெங்காயக் கடையில் சணல் சாக்கு வாங்கி, நனைத்து விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக், ஓரத்தில் கல். காலையும் மாலையும் நனைத்தேன், ஏழு நாள். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை, கான்கிரீட்டும் காயவில்லை. பிளாஸ்டிக்கைத் தூக்கினால் உள்ளே வெதுவெதுவென்று ஆவி வாடை வரும்.

அதற்குப் பிறகு சுவர், மேல்தளம் எல்லாம் தடங்கல் இல்லாமல் போனது. இதேபோல வேறு யாராவது தளத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் எழுதுங்கள்.

•

அண்ணே, நானும் மாட்டியவன்தான், ஆனால் மேல்தளத்தில். ஈசூனில் மாமனார் வீட்டில் கட்டினேன். தளம் கல் மாதிரி நின்றது, ஆனால் தீச்செங்கல்லை நேராக அதன்மேல் சாந்து வைத்து ஒட்டிவிட்டேன். இரண்டு மணி நேரம் விறகு எரித்தாலும் பீட்சா மேலே கருகும், அடியில் சப்பாத்தி மாவு மாதிரி வெளுத்துக் கிடக்கும். சூட்டை எல்லாம் கான்கிரீட் குடித்துக்கொண்டிருந்தது. அது மட்டும் இல்லை, அடுப்புத் தரை 400 டிகிரிக்குப் போகும், சாதாரண சிமென்ட் கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டினாலே வலு குறைய ஆரம்பிக்கும். கீழே குனிந்து தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. பிறகு தரையைப் பெயர்த்து, செடிக்கடையில் விற்கிற பெர்லைட்டை (சூட்டை எளிதில் கடத்தாத, பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) வாங்கி, ஐந்து பங்குக்கு ஒரு பங்கு சிமென்ட் போட்டுப் பத்து சென்டிமீட்டர் இட்டேன். பொரியைப் பாகில் பிசைகிற மாதிரிதான் இருக்கும், இறுக்கி அழுத்தக்கூடாது. இப்போது ஒன்றரை நிமிடத்தில் பீட்சா வெந்துவிடுகிறது, மறுநாள் காலை அதே சூட்டில் மாமியார் நெத்திலி வறுக்கிறார்.

•

பதினோராவது மாடியில் இருந்துகொண்டு இதையெல்லாம் படிக்கிறேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிக்யூ குழி பதிவு செய்து, தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டு பீட்சா சுட்டோம், அடி தீய்ந்துபோனது. தளம் போடாமலே தோற்கலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

•

வணக்கம். நான் கம்பி கட்டுகிற ஆள், ஜூரோங்கில் தங்கியிருக்கிறேன். வலையைத் தரையில் போட்டுவிட்டுப் பிறகு தூக்குவது எந்தத் தளத்திலும் நடக்காது, நீங்கள் மட்டும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். மேல்தளம் இரண்டு பக்கச் சுவரில் உட்காருகிறது, நடுவில் விறகு வைக்க வெற்றிடம். அங்கே இழுவை அடிப்பக்கம் வரும், கம்பியைத் தளத்தின் நடுவில் வைத்தால் பிரயோசனம் இல்லை, கீழிருந்து 25, 30 மில்லிமீட்டரில் வைக்க வேண்டும். கட்டுக்கம்பியின் வால் கீழே பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் துருக்கறை இறங்கும். புதுக்கோட்டை அண்ணன் கரணையைத் தொடாதது சரியான செயல்.

•

நன்றி தம்பி. மேல்தளத்துக் கம்பியை 30இல்தான் வைத்தோம், அண்ணன் நாற்காலியிலிருந்து கத்தியதால். ஈசூன்காரருக்கு: நானும் பெர்லைட்தான் போட்டேன், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு விடாது, நம் ஊர் மழைக்கு அது பெரிய தொல்லை. அதனால் மேல்தளம் போடும்போதே நான்கு இடத்தில் அரை அங்குலப் பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தி ஓட்டை விட்டிருந்தேன்.

ஒரு வாரம் சின்னச் சின்னத் தீயாகப் போட்டு உலர்த்தினேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் விறகு அறையிலிருந்து சொட்டுச் சொட்டென்று சத்தம் வருகிறது என்று அம்மா சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தால் நான்கு ஓட்டையில் மூன்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அம்மா உடனே ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார், சாயங்காலம் மறக்காமல் கவிழ்த்தும் வைத்தார்.