ஆஸ்பத்திரிக்குப் போன வழிக்கு ஒரு பில்

அமெரிக்காவில் வாழும் மூவர், தங்களுக்கு வந்த மருத்துவ பில்களைப் பற்றி எழுதியவை.

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

2024 மார்ச்சில் ஓர் இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி தலைசுற்றி விழுந்து, மேடையின் விளிம்பில் நெற்றி அடிபட்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடந்தார். 911-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்து, நான்கு மைல் தொலைவில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கியதுதான் காரணம் என்றார்கள். ஸ்கேன் எடுத்து, ஐந்து தையல் போட்டு, விடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பைப் பொறுத்தவரை விஷயம் அன்றோடு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து தாள்கள் வரத் தொடங்கின. ‘இது பில் அல்ல’ என்று ஒவ்வொன்றின் தலையிலும் அச்சிட்டிருந்தது. அந்த மருத்துவமனை எங்கள் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு கட்டண ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் பட்டியலில், இல்லை. எங்களைப் பார்த்த எமர்ஜென்சி மருத்துவரும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பென்றால் இன்சூரன்ஸ் கொடுத்தது போக மிச்சம் முழுவதும் எங்கள் தலையில் விழுந்திருக்கும். ஆனால், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம் எமர்ஜென்சி சிகிச்சைக்கு அப்படி வசூலிப்பதைத் தடுக்கிறது. எனவே நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் எவ்வளவு கட்டியிருப்போமோ, அவ்வளவுதான் கட்டினோம்.

நிம்மதியாக இருந்தபோதுதான் ஆம்புலன்ஸ் பில் வந்தது. மொத்தம் 3,180 டாலர், இன்சூரன்ஸ் கொடுத்தது 1,240, நாங்கள் கட்ட வேண்டியது 1,940. அந்தச் சட்டம் ஹெலிகாப்டர் ஆம்புலன்சைச் சேர்த்துக்கொண்டு, சாலையில் ஓடும் ஆம்புலன்சை விட்டுவிட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன். பல ஊர்களில் ஆம்புலன்சை நடத்துவது கவுன்டி என்ற மாவட்ட நிர்வாகமோ தீயணைப்புத் துறையோதான் என்பதால், அவற்றின் வருமானத்தில் கை வைக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தயங்கி, ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. குழுவும் பரிந்துரைகளைக் கொடுத்துவிட்டது, சட்டம்தான் வரவில்லை.

கலிபோர்னியாவில் இதற்கென மாநிலச் சட்டம் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கிறது, 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கும் வந்துவிட்டது. இரண்டு மாதம் முன்னதாகவே வந்த அந்தச் சட்டம் எங்களைத் தொடாமல் போனதன் காரணம் என் இன்சூரன்ஸ் அட்டையின் பின்புறத்தில், கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது: அந்த நிறுவனம் திட்டத்தை ‘நிர்வகிக்க மட்டும்’ செய்கிறதாம். அதாவது, அட்டையில் இருப்பது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர், செலவாவது என் அலுவலகத்தின் பணம். இப்படி முதலாளியே பணம் போடும் திட்டங்களை மாநிலச் சட்டங்களால் கட்டுப்படுத்த முடியாதபடி 1974-இல் வந்த எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டம் காக்கிறது. ஓய்வூதியப் பணம் காணாமல் போகக் கூடாது என்று போட்ட வேலி, இன்று மாநிலத்தின் பாதுகாப்பு உள்ளே வராமல் தடுக்கிறது. வேலை வழியாக இன்சூரன்ஸ் பெறுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தகைய திட்டங்களில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு செய்ததை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு இனமாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்கினேன். அதில் ஆக்சிஜனுக்கு 165 டாலர் போட்டிருந்தார்கள். வண்டியில் மனைவியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்த நான் எந்த முகமூடியையும் பார்க்கவில்லை. எழுதிக் கேட்டதும் நீக்கினார்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பிய அப்பீல் தள்ளுபடியானது. அடுத்ததாக, உண்மையில் பணம் கொடுப்பது யார் என்று புரிந்திருந்ததால், அலுவலக எச்.ஆர். பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் இழுத்தடித்து 1,400 டாலரை ஏற்றுக்கொண்டார்கள். மீதி 375 டாலரை நான் கட்டினேன். இதே போன்ற பில் வந்தவர்கள் முதலில் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

டாலஸ், டெக்சஸ்

எங்கள் கதை ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டத்துக்கு முந்தைய 2018-ஐச் சேர்ந்தது. முதல் பிரசவம் என்பதால் மருத்துவமனை நெட்வொர்க்கில் இருக்கிறதா, மகப்பேறு மருத்துவர் இருக்கிறாரா, குழந்தை மருத்துவர் இருக்கிறாரா என்று தொலைபேசியிலேயே ஒரு வாரம் கழித்தோம். நள்ளிரவில் முதுகில் ஊசி போட வந்த மயக்க மருந்து மருத்துவரிடம் மட்டும் அதைக் கேட்க மறந்துவிட்டேன்! வலியில் துடிக்கும் பெண்ணின் அருகில் நின்றுகொண்டு, ஊசியோடு வருபவரைப் பார்த்து ‘ஐயா, நீங்கள் எந்த நெட்வொர்க்?’ என்று எந்தக் கணவன் கேட்பான்? அவருக்கான பில் 4,300 டாலர். பேரம் பேசிப் பேசி 2,000-க்கு இறக்கினோம்.

அதற்குப் பிறகு இந்த அரசியலைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கத் தொடங்கினேன். 2019-இல் இரு கட்சியினரும் சேர்ந்து இப்படி எதிர்பாராமல் வரும் பில்களைத் தடுக்கச் சட்டம் கொண்டுவரவிருந்த வேளையில், ‘டாக்டர் பேஷன்ட் யூனிட்டி’ என்ற அமைப்பின் விளம்பரங்கள் பல மாநிலத் தொலைக்காட்சிகளில் ஓடின. அரசாங்கம் கட்டணம் நிர்ணயித்தால் மருத்துவமனைகளே மூடிவிடும் என்கிற தொனியில் நோயாளிகளைப் பயமுறுத்திய அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்தவை, தனியார் முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்த, மருத்துவமனைகளுக்கு மருத்துவர்களை அமர்த்தித் தரும் இரண்டு பெரிய கம்பெனிகள் என்பது அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. கடைசியில் 2020 டிசம்பர் 27 அன்று, பெரிய செலவின மசோதா ஒன்றுக்குள் இந்தச் சட்டமும் அடங்கி, அதிபர் டிரம்பின் கையெழுத்தைப் பெற்றது.

நோயாளியை நடுவிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் சண்டை ஓயவில்லை. மருத்துவர் தரப்பும் இன்சூரன்ஸ் தரப்பும் ஆளுக்கொரு தொகையைச் சொல்ல, நடுவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதிலும் பெரும்பாலான தீர்ப்புகள் மருத்துவர் தரப்புக்கே சாதகமாகின்றன. அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. சுற்றிச் சுற்றி நம் பிரீமியத்தில்தான் வந்து உட்கார்கிறது. கடிதப்பெட்டியில் வந்த பில் சம்பளச் சீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது என்பது என் கருத்து.

அட்லாண்டா, ஜார்ஜியா

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வருவோருக்காக இதை எழுதுகிறேன். தென்காசியிலிருந்து எங்களுடன் ஆறு மாதம் தங்க வந்த அப்பாவுக்கு, வந்த ஐந்தாம் வாரம் நெஞ்சில் அழுத்தம் ஏற்பட்டது. எமர்ஜென்சிக்கு வருபவரிடம் பணம் இருக்கிறதோ இல்லையோ, பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதால், அங்கே ஒரு நிமிடத் தாமதமும் இல்லை. ஆனால் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

மாரடைப்பு இல்லை என்றாலும் ஓர் இரவு கண்காணிப்பில் வைத்தார்கள். ஓய்வு பெற்ற தாசில்தாரான அப்பா, நர்ஸ் வந்தபோதும் மருத்துவர் வந்தபோதும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: இந்தக் கட்டிலுக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு? மருத்துவமனைகள் தங்கள் விலைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி 2021-இலேயே வந்துவிட்டது. ஆயினும் அப்பா படுத்திருந்த மாடியில் பதில் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. ‘விலை தெரியாமல் எப்படியப்பா கடை நடத்துகிறார்கள்?’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பில் 18,400 டாலர். 50,000 டாலர் வரை என்று நான் மலிவாக வாங்கியிருந்த பயண இன்சூரன்ஸ், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிர்ணயித்த தொகையைத் தரும் வகையைச் சேர்ந்தது. ஆகவே 2,900 டாலர் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. அந்த 50,000 என்ற எண்ணைப் பார்த்து வாங்கியது என் முட்டாள்தனம். செலவில் விழுக்காட்டுக் கணக்கில் தரும் திட்டங்கள் விலை கூடுதல். இருந்தாலும் அவற்றையே வாங்குங்கள்.

எங்களைக் காப்பாற்றியது வேறொன்று. லாப நோக்கற்ற மருத்துவமனைகள் வரிவிலக்கைத் தக்கவைக்க வேண்டுமானால், ஏழைகளுக்கும் இயலாதவர்களுக்கும் எழுத்துப்பூர்வமான நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்து 240 நாட்கள் வரை விண்ணப்பிக்கலாம். ஒபாமா காலத்து 2010 சட்டத்தோடு வந்த விதி இது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு உதவி உண்டா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்; கேட்காமல் விடாதீர்கள். அப்பாவின் ஓய்வூதியச் சான்றையும் வங்கிக் கணக்குத் தாளையும் இணைத்து அனுப்பினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாம் முறை அறுபது விழுக்காடு தள்ளுபடி செய்தார்கள்.

அடுத்து டிரெட்மில் பரிசோதனை செய்யச் சொன்னபோது, அந்தப் பயண இன்சூரன்ஸ் தவிர வேறு இன்சூரன்ஸ் இல்லாதவர் என்ற முறையில் முன்கூட்டியே செலவு மதிப்பீட்டைக் கேட்டு வாங்கினோம். அதைத் தரவேண்டியது அவர்களுடைய சட்டக் கடமை. பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார், மருத்துவரிடம் பயணம் செய்யலாமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார், பிறகு விமான டிக்கெட்டை முன்னுக்கு மாற்றச் சொன்னார். பரிசோதனை திருநெல்வேலியில் நடந்தது. இங்கே மாதம் 150 டாலர் வீதம், வட்டியில்லாமல், இன்னும் பதினேழு தவணை கட்ட வேண்டியிருக்கிறது.