மூப்பர் கூட்டத்தில் பேச உதவி வேண்டும்

எங்கள் சபைப் பாடகர் குழுவில் பத்து வருடம் பாடிய தம்பி ஒருவர், தான் தன்பாலீர்ப்பாளர் என்று எங்களிடம் சொன்னார். யாரும் திட்டவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அப்புறம் அவர் வரவில்லை. பாட்டுப் புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

அவரைப் போன்றவர்களைச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று போதகர் ஐயாவிடம் பேசினோம். "வேதத்தில் காட்டுங்கள்" என்றார், நிஜமாகவே கேட்கிற தொனியில். அடுத்த மாத மூப்பர் கூட்டத்தில் அரை மணி நேரம் தந்திருக்கிறார்.

ஏசாயா 56-இல் அண்ணகருக்கு (விதையடிக்கப்பட்ட ஆண்களுக்கு) கிடைத்த வாக்குத்தத்தமும், அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரும் கையில் இருக்கிறார்கள். (பழைய தமிழ் வேதாகமம் அவரை மந்திரி என்று சொல்லி நழுவிவிடுகிறது, கிரேக்கத்தில் அவர் அண்ணகர்.) ஐக்கிய மெதடிஸ்ட் சபை 2024-இல் தன்பாலீர்ப்பாளர் குருப்பட்டம் பெறுவதற்கான தடையை நீக்கியதையும் சொல்வோம். தன்பால் உறவைக் கண்டிப்பதாக எடுத்துக்காட்டப்படும் ரோமர் 1 வந்தால்தான் தடுமாறுகிறோம்.

அதற்கு எளிய தமிழில் விளக்கம் யாரிடமாவது உண்டா? தம்பியை மூப்பர்கள் அடையாளம் கண்டுவிடாமல் எப்படிப் பேசுவது? அவர் சம்மதத்தோடுதான் செய்கிறோம். இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். விவாதம் பண்ண நினைப்பவர்கள், தயவுசெய்து இன்னொரு நாள்.