வேளச்சேரியில் தரைத்தளம்: மழைக்கு முன்னால் என்ன செய்து வைப்பது?

மதுரைப்பெண்:
மதுரையிலிருந்து இந்த வருடம்தான் வேளச்சேரிக்குக் குடிவந்தோம். தரைத்தளம், வாடகை வீடு. நான், கணவர், ஒன்றரை வயதுக் குழந்தை, அப்புறம் இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். புரோக்கர் "இந்தத் தெருவில் தண்ணீரே நிற்காது" என்று சத்தியம் செய்தார். பக்கத்து வீட்டு அக்காவோ 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரைத் தொட்டுக் காட்டினார், என் இடுப்புக்கு மேல். ஐப்பசி நெருங்குகிறது, வயிற்றைக் கலக்குகிறது. தேடினால் எல்லா இடத்திலும் டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி என்று ஒரே பட்டியல். விசிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வெள்ளத்தில் நிஜமாகவே மாட்டியவர்கள் சொல்லுங்களேன்.

ஏரிக்கரைவாசி:
பை கட்டுவதெல்லாம் அப்புறம். முதலில் மாடி வீட்டுக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள். "பெரிய மழை வந்தால் அத்தையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மேலே வந்துவிடுவோம்" என்று இப்போதே வாய்விட்டுக் கேட்டு வையுங்கள். நடுராத்திரி முழங்கால் தண்ணீரில் நின்று கதவைத் தட்டும்போதுதான் அவர்கள் பெயரே தெரியாது என்பது உறைக்கும், எங்கள் அடுக்ககத்தில் அப்படித்தான் நடந்தது.

செம்பரம்பாக்கம் ஏரிச் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 2015-இல் அங்கே நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், அடி வாங்கியது ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றங்கரை முழுக்க. நம் பகுதிக்கு வேறு கணக்கு. இங்குள்ள தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொட வேண்டும். புயல் நேரத்தில் கடல் பொங்கி நின்றால் தண்ணீரை வாங்காது. அதனால் மழை விட்டு வெயில் அடித்தாலும் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். 2023 மிக்ஜாமில் பார்த்தோமே, புயல் கரை கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம், முங்கியது நாம். பால் பவுடர், குடிநீர் கேன், சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம், இதெல்லாம் மழை விட்ட பிறகு வரும் நாட்களுக்கு. டவர் படுத்துவிட்டால் ஜிபே கிடையாது.

வயர்மேன்_தம்பி:
அக்கா, கரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் வாசப்படியைத் தொடும்போதே மெயினை இறக்கிவிடுங்கள், பிளக் பாயிண்ட் வரை ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் கட்டாயம் அணைக்க வேண்டும். இ.பி.காரர்கள் லைனை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் பாட்டுக்கு வீட்டு வயரில் கரண்டு விட்டுக்கொண்டுதான் இருக்கும், "தெருவில் பவர் இல்லையே" என்று தண்ணீரில் கால் வைத்தால் போச்சு. பேட்டரியைத் தரையிலிருந்து இப்போதே உயரத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வெள்ளம் வடிந்ததும் ஆர்வத்தில் மெயினைப் போடாதீர்கள், ஆள் வந்து பார்க்கட்டும். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுக் கட்டி வையுங்கள், மிதக்கும்.

மோட்டார் ஓடும்போதே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். சம்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டால் பிறகு கழுவி, பிளீச்சிங் போடாமல் பல் விளக்கக்கூட உதவாது.

ஓஎம்ஆர்_குமார்:
இவ்வளவு பாடு எதற்கு? வேறு வீடு பாருங்கள் மேடம். தெரிந்தே தரைத்தளம் எடுத்துவிட்டு...

ஏரிக்கரைவாசி:
@குமார் அட்வான்ஸை யார் திருப்பித் தருவார்கள், நீங்களா? மாடி வீட்டு வாடகை என்ன என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா?

செவிலியர்_அம்மா:
மாமியாருக்கு இன்சுலின் கூடுதலாக வாங்கி வையுங்கள்மா, ஊசியும் சேர்த்து. பிரிட்ஜ் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, உள்ளே மருந்தை நனையாமல் ஒரு டப்பாவில் வைத்தால் குளுமையாக இருக்கும். ஐஸ் மேல் நேரடியாக வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். எத்தனை நாள் வெளியில் தாங்கும் என்று அவருடைய மருந்தின் பெயரைச் சொல்லி டாக்டரிடமே கேட்டு, மருந்துச் சீட்டைப் படம் எடுத்து இரண்டு போனிலும் வையுங்கள். காலில் புண் இருந்தால் அவரை வெள்ளத்தில் நடக்கவே விடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

மதுரைப்பெண்:
எல்லாருக்கும் நன்றி. மாடி அக்காவிடம் இன்று மாலையே பேசுகிறேன். ஒரு சந்தேகம், ரெட் அலர்ட் வந்த பிறகு மேலே போனால் போதுமா? அப்புறம் காரை மேம்பாலத்தில் நிறுத்தினால் அபராதம் போடுவார்கள் என்கிறாரே கணவர்?

ஏரிக்கரைவாசி:
ரெட் என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல். ஆரஞ்சே 12-இலிருந்து 20 வரை, நம் தெருவுக்கு அதுவே தாராளம். ஆரஞ்சு சொன்ன அன்று சாயங்காலமே, வெளிச்சம் இருக்கும்போது, அத்தையையும் குழந்தையையும் மேலே அனுப்பிவிடுங்கள். மழை ஏமாற்றினால் காலையில் இறங்கி வந்து காபி குடியுங்கள், என்ன கெட்டுப்போச்சு? 2024 அக்டோபரில் பாலம் முழுக்கக் கார்தான், அபராதம் இல்லை என்று போலீஸே சொன்னது. அதற்காக ஓரமாக ஆம்புலன்சுக்கு வழி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, இரண்டையும் மாமியார் போனிலும் பதிந்து வையுங்கள்.