கடலோரப் பட்டறையில் ஈரம்: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் 12-க்கு 15 அடியில் ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே சிமெண்ட் ஷீட், ஐந்து நிமிடம் நடந்தால் கடல்.

போன ஐப்பசி மழையில் ஒரு தேக்கு மேசை செய்து கொடுத்தேன். ஏசி அறையில் போட்டார்கள். தை மாதம் கூப்பிட்டுக் காட்டினார்கள்: பலகை நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் வெடிப்பு. மனசு கேட்கவில்லை, வேறு செய்து கொடுத்துவிட்டேன். மரம் அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் ஒட்டி இறுக்கியது என் தப்பு. ஆனால் மரமே ஈரம் குடித்திருந்ததே! காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நின்றால் மரத்தில் ஈரம் 16 சதவீதம் வரை ஏறும்; 50 சதவீத அறையில் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

இழைப்புளித் தகட்டில் ஒரே ராத்திரியில் துரு. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கிறேன், அது பரவாயில்லை.

பலகைக்குத்தான் வழி தெரியவில்லை. ஷீட் இடுக்கு வழியே காற்று வருவதால் முழுப் பட்டறைக்கும் டிஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெஷின்) வீண் என்று தோன்றுகிறது. மூலையில் பிளைவுட் அடைத்து, பலகைகளை மட்டும் இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, அதற்குள் சின்ன மெஷின் ஓட்டினால் போதுமா? நாளைக்கு எத்தனை லிட்டர் ஈரம் இழுக்கும் மெஷின் வேண்டும்? கரண்ட் பில் தாங்குமா? காசிமேடு, எண்ணூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். மழைக்கு முன் இரண்டு கதவு ஆர்டர் இருக்கிறது.